கார் ஏ.சி. கூலிங் வரலையா? 'கேஸ் போடுங்க' என்று சொல்லும் முன் இந்த 5 விஷயத்தைப் பாருங்க!

மதியம் இரண்டு மணி. சிக்னலில் வண்டி நிற்கிறது. ஏ.சி. ஃபுல் ஸ்பீடில் ஓடுகிறது. வருவதோ வெறும் காற்று. கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கேஸ் இறங்கிடுச்சு சார், போட்டா சரியாகிடும்." போடுகிறோம். கொஞ்ச நாள் ஜில்லென்று இருக்கிறது. அடுத்த கோடையில் அதே பதில், அதே பில்.

பத்து வயதைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்களுக்கும், செகண்ட் ஹேண்டில் முதல் கார் வாங்கியவர்களுக்கும் இது பழகிப்போன கதை. ஆனால் ஏ.சி. கேஸ், பெட்ரோல் மாதிரி ஓடஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை.

கேஸ் ஏன் குறைகிறது?

கார் ஏ.சி. என்பது மூடிய சுற்று. கம்ப்ரெஸ்ஸர் கேஸை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர் அதன் சூட்டை வெளியேற்றித் திரவமாக்குகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சட்டெனக் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் குளிர்கிறது. பிறகு அதே கேஸ் மறுபடியும் கம்ப்ரெஸ்ஸருக்குப் போகிறது.

ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது சகஜம்தான். ஆனால் வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருக்கிறது என்றால், எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கம்ப்ரெஸ்ஸருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெயும் ஒழுங்காகத் திரும்பாது. அப்படியே ஓட்டினால் கம்ப்ரெஸ்ஸர் ஜாம் ஆகலாம். உள்ளே தேய்ந்த உலோகத் துகள் கண்டென்ஸர் வரை பரவினால், சின்ன ஓ-ரிங்கில் முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

நீங்களே செய்யக்கூடிய 5 சோதனைகள்

வண்டியைத் திறந்த வெளியில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்து பார்க்கும்போது துப்பட்டா, டை, கை எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.

1. காற்றே குறைவாக வருகிறதா? முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர். பல கார்களில் இது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். பழைய சில மாடல்களில் ஃபில்டரே கிடையாது. அதில் தூசி நேராகக் கூலிங் காயிலில் படியும்.

2. ஏ.சி. பட்டனை அழுத்தினால் 'டக்' சத்தம் வருகிறதா? அது கம்ப்ரெஸ்ஸர் கிளட்ச் பிடிக்கும் சத்தம். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் முன்தட்டும் சேர்ந்து சுற்றினால்தான் கம்ப்ரெஸ்ஸர் வேலை செய்கிறது. சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் காரணமாக இருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும் பிரஷர் சுவிட்ச் அதை ஓட விடாது.

3. ஓடும்போது ஜில், நின்றால் சூடா? கண்டென்ஸர் ஃபேனைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் அது சுற்ற ஆரம்பிக்க வேண்டும். ஃபேன் சரி என்றால், கண்டென்ஸரில் மண், பூச்சி அடைத்திருக்கிறதா என்று பார்த்து லேசான தண்ணீரில் கழுவலாம்.

4. அரை மணி நேரம் கழித்துக் காற்று குறைகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் பிடித்திருக்கலாம். ஏ.சி.யை அணைத்து, ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காற்று பழையபடி வந்தால் தெர்மோஸ்டாட், ஃபில்டர், கேஸ் அளவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. குழாய் ஜில், காற்று சூடா? இன்ஜினை அணைத்த உடனே, கேபினுக்குள் போகும் இரண்டு ஏ.சி. குழாய்களில் தடிமனானதைத் தொட்டுப் பாருங்கள். மெல்லியது சூடாக இருக்கும், தொட வேண்டாம். தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருந்தால் கேஸ் தன் வேலையைச் செய்கிறது. ஹீட்டர் காற்று கலக்கும் மடிப்புக் கதவு சரியாக மூடவில்லையா என்று பார்க்க வேண்டும்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது பிரச்சினை இல்லை, நல்ல அறிகுறி. அது உள்ளே மேட்டை நனைத்தால்தான் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. ஓடும்போது இரண்டு பக்க அழுத்தமும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்ஸர் சூடு வெளியேறவில்லை, அல்லது கேஸ் அளவுக்கு மீறி இருக்கிறது. தாழ்வழுத்தப் பக்கம் அதிகமாகவும், உயரழுத்தப் பக்கம் குறைவாகவும் இருந்தால் கம்ப்ரெஸ்ஸர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

கேஸ் குறைவு என்று உறுதியானால் மூன்று கேள்விகள் கேளுங்கள். லீக் எங்கே? வேக்கம் போடுவீர்களா? எத்தனை கிராம் நிரப்புவீர்கள்? எண்ணெயும் கேஸோடு கசிவதால், லீக் ஆன இடத்தில் தூசி ஒட்டிய பிசுக்கு பெரும்பாலும் தெரியும். வேக்கம் போட்டால்தான் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெளியேறும். கிராம் அளவு பல கார்களில் பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

கேஸ் குழாயை நீங்களே கழற்ற வேண்டாம். பீய்ச்சி அடித்தால் கண், தோல் உறைந்து காயமாகும். இன்று ஓடும் பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ. இதனால் ஓசோனுக்குப் பாதிப்பில்லை. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 1,000 மடங்குக்கும் மேல் வீரியமானது. லீக்கை அடைக்காமல் நிரப்பும் ஒவ்வொரு முறையும், நம் காசோடு சேர்ந்து அதுவும் காற்றில்தான் போகிறது.

அடுத்த முறை யாராவது "கேஸ் போட்டா சரியாகிடும்" என்றால், "போடலாம்ணா, முதல்ல லீக் எங்கேன்னு காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.