புறா பறக்குது... தோட்டா தெறிக்குது!

நீளக் கோட்டு, பக்கத்தில் ஒரு பொண்ணு, உதட்டில் சிரிப்பு. ரெஸ்டாரன்ட் வராந்தாவில் கொஞ்சிக்கொண்டே நடந்து வருகிற சோ யுன்-ஃபாட், வழியில் இருக்கும் பூத்தொட்டிகளில் துப்பாக்கிகளை ஒளித்துவைத்துக்கொண்டே போவார். உள்ளே போய் ரெண்டு கையாலும் சுட்டுத் தள்ளிவிட்டுத் திரும்பும்போதுதான் விஷயம் புரியும். காலியான துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொட்டியிலிருந்து அடுத்ததை உருவுவார். சும்மா அதிரும்!

1986-ல் வந்த 'எ பெட்டர் டுமாரோ'. ஹாங்காங் பசங்க அந்த ஊர் வெயிலிலும் நீளக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிந்தது இந்தப் படத்தால்தான்.

டைரக்டர் ஜான் வூ அப்போ தோற்றுப்போன ஆள். காமெடிப் படங்கள் எடுத்து ஓய்ந்து, தைவானுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். சோ யுன்-ஃபாட்டை 'பாக்ஸ் ஆபீஸ் விஷம்' என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். இன்னொரு நாயகன் டி லுங், வாள்சண்டைப் படக் காலம் முடிந்துபோன ஸ்டார். படத்திலும் அதே கதைதான்! காலில் குண்டடிபட்ட சோ, நொண்டிக்கொண்டே கார் துடைத்துப் பிழைப்பார். இழந்ததை ஒரே ஒரு தடவையாவது திரும்பப் பிடிக்கணும்னு தவிப்பார். அந்தத் தவிப்பு நடிப்பு மாதிரியே இருக்காது.

அதுக்கப்புறம் மனுஷன் பின்னியெடுத்தார். 1992-ல் 'ஹார்ட் பாயில்ட்'. ஆஸ்பத்திரிக்குள் ரெண்டரை நிமிஷத்துக்கும் மேலே கட்டே இல்லாத ஒரு சண்டை. நடுவில் ஹீரோக்கள் லிஃப்ட்டில் ஏறி அடுத்த மாடிக்குப் போவார்கள். நிஜத்தில் எந்த மாடிக்கும் போகலை. கதவு மூடியிருந்த அந்தச் சில நொடிகளில் அதே தளத்தை வேறு மாடியாக மாற்றிவிட்டது யூனிட். கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இல்லை பாஸ்!

ஹாலிவுட் கூப்பிட்டது. 'ஃபேஸ்/ஆஃப்' (1997) அதகளம். 'விண்ட்டாக்கர்ஸ்' (2002) கவிழ்ந்தது. 'பேசெக்' (2003) முடிந்ததும் சீனாவுக்குத் திரும்பி 'ரெட் க்ளிஃப்' என்று சரித்திரப் போர் எடுத்தார். துப்பாக்கி உறைக்குள் போய்விட்டது.

மறுபடி வெளியே வந்தது 2017-ல், 'மேன்ஹன்ட்' படத்தில். ஒசாகாவில் நடக்கிற கதை. ஒரு வக்கீல், ஒரு போலீஸ், ரெண்டு பேர் கையையும் சேர்த்து ஒரே விலங்கு, அப்படியே சண்டை. புறாக்களும் ஆஜர். கொலைகாரிகளில் ஒருத்தியாக ஜான் வூவின் மகள் ஏஞ்சலஸ் வூ. கதை? அதைக் கேட்காதீங்க, தலை சுத்தும். ஆனாலும் அந்த விலங்குச் சண்டையில் பழைய வூ எட்டிப் பார்க்கிறார்.

2023-ல் 'சைலன்ட் நைட்'. தொண்டையில் குண்டு பாய்ந்து பேச்சிழந்த அப்பா, மகனைக் கொன்றவர்களைப் பழிவாங்குகிறார். படத்தில் வசனமே கிட்டத்தட்ட கிடையாது. எழுபத்தேழு வயசில் இப்படி ஒரு துணிச்சலா என்று சல்யூட் அடிக்கலாம். ஆனா, எனக்கு ஏதோ குறைந்தது. ஹீரோவுக்கு எதிரே சுடுவதற்கு ஆள் இருக்கு, புரிந்துகொள்ள ஆள் இல்லை. வூ படத்தில் ரெண்டு துப்பாக்கியைவிட ரெண்டு மனுஷங்கதான் முக்கியம்.

அடுத்த வருஷமே, 1989-ல் தான் எடுத்த 'தி கில்லர்' படத்தைத் தானே ரீமேக் செய்தார். ஹாங்காங் பாரிஸ் ஆனது. கொலைகாரன் இடத்தில் நத்தாலி இம்மானுவேல். போலீஸாக ஒமார் ஸி. சண்டையெல்லாம் ஸ்டைல்தான், பொழுது போகுது. ஆனா, பழைய படம் முடியும்போது நெஞ்சில் உட்காரும் அந்தக் கனம் இதில் இல்லை.

அந்தப் பழைய 'கில்லர்'ல ஒரு சீன்... கொலைகாரனும் போலீஸும் ஒருத்தர் முகத்துக்கு நேரா ஒருத்தர் துப்பாக்கி நீட்டி நிற்பார்கள். நடுவில் பார்வை மங்கிய பாட்டுக்காரப் பெண். அவள் பயந்துவிடக் கூடாதே என்று ரெண்டு பேரும் பால்ய சிநேகிதர்கள் மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டே குறிபார்த்துச் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரு குண்டுகூட வெடிக்காது. நமக்குத்தான் நெஞ்சு படபடக்கும். ரீமேக்கை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல இதைத் தேடிப் பிடிங்க!