குதிரையின் தமனியும் தீயணைப்புப் பம்பும்

லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெட்டிங்டன் கிராமத்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு பெண் குதிரையை மல்லாக்கக் கிடத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியில் மெல்லிய பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் ஒன்பது அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தியபோது, ரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறி நின்றது என்று 1733-இல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார். நின்றது என்றாலும் அசையாமல் நிற்கவில்லை. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் இரண்டு மூன்று அங்குலம் எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது. ஜீவகாருண்யம் உள்ளவர்கள் சங்கடமில்லாமல் படிக்க முடியாத பக்கங்கள் அவை. ஆயினும், ரத்த அழுத்தம் என்பதை மனிதன் கண்ணால் கண்டு அளந்தது அந்தக் கண்ணாடிக் குழாயில்தான்.

இருதயம் விட்டுவிட்டுத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது. இருந்தும் நுண்ணிய நாளங்களில் ரத்தம் ஏறக்குறைய ஒரே சீராக ஓடுகிறது. இந்த ஆச்சரியத்துக்கு விடையாக ஹேல்ஸ் காட்டியது அக்காலத்துத் தீயணைப்புப் பம்பை. ஆட்கள் தண்டை அமுக்கும்போது தண்ணீர் நேரே குழல்முனைக்குப் போகாமல், மேற்பாகத்தில் காற்று அடைபட்ட ஒரு கலத்துக்குள் புகும். காற்று சுருங்கி அதற்கு இடங்கொடுக்கும். தண்டு மீளும் இடைவேளையில் அதே காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளுவதால் தாரை அறாமல் பாயும். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர், மூக்கால் மூச்சை இழுக்கும் கணத்தில் கன்னத்தில் அடக்கிய காற்றைக் கொண்டு சுருதியைக் காப்பதும் இதே வித்தைதான். பம்பில் காற்று செய்யும் காரியத்தை உடலில் தமனியின் மீள்சுவர் செய்கிறது. ஜெர்மானியர் அந்தக் கலத்தை விண்ட்கெஸல், அதாவது காற்றுக் கொப்பரை என்றார்கள். அப்பெயரே உடலியல் சாஸ்திரத்தில் நிலைத்துவிட்டது.

உவமையாக இருந்ததைச் சமன்பாடாக்கியவர் ஜெர்மானிய உடலியல் நிபுணர் ஓட்டோ ஃப்ராங்க், ஆண்டு 1899. தமனிகளோ கிளைக்குள் கிளையாகப் பிரிந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு கிளைக்கும் நீளம், விட்டம், சுவர்க் கனம் என்று குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் அழுத்தத்தையும் வேகத்தையும் கணக்கிடப் புகுவது சமுத்திரத்தைச் சிரட்டையால் இறைக்கும் வேலை. ஃப்ராங்க் அத்தனையையும் திரட்டி இரண்டே அம்சங்களில் அடக்கினார்: அழுத்தம் ஏறும்போது தமனிகள் எவ்வளவு ரத்தத்துக்கு இடங்கொடுக்கும் என்னும் விரிதிறன் ஒன்று, நுண்நாளங்கள் ஓட்டத்துக்குக் காட்டும் தடை மற்றொன்று. இவ்வாறு ஓர் அமைப்பெங்கும் பரவிக் கிடக்கும் குணங்களைச் சில எண்களாகத் திரட்டிக்கொள்ளும் கணித உருவத்தைத் திரள் மாதிரி எனலாம். எண்ணெய் அழுத்தத்தால் கை நீட்டும் மண்வாரி இயந்திரம், நீர்மின் நிலையம், நகரத்துக் குடிநீர் வலை எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு, சேமிக்கும் கலம், தடுக்கும் வால்வு, ஓடத் தொடங்கிய நீரின் ஜடத்துவம் என்ற மூன்றுமே மூலச்சரக்கு.

ஃப்ராங்க் போட்ட கணக்கை ஒரு காகிதத்தில் நாமும் போட்டுப் பார்க்கலாம். ஓய்வாக இருக்கும் மனிதனின் இருதயம் நிமிஷத்துக்கு 5 லிட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் 83 மில்லிலிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. சராசரி அழுத்தம் 95 மில்லிமீட்டர் பாதரசம் என்று கொண்டால், 95-ஐ 83-ஆல் வகுக்கக் கிடைக்கும் 1.14 தடையாகும். ஒரு மில்லிமீட்டர் அழுத்தம் கூடினால் தமனிகள் 1.3 மில்லிலிட்டருக்கு இடங்கொடுக்கின்றன என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பெருக்கினால், வருவது ஏறக்குறைய 1.5 விநாடி. இருதய வால்வு மூடியபின் அழுத்தம் எத்தனை விரைவில் வடியும் என்பதை நிர்ணயிக்கும் காலம் அது. மூடும் தருணத்தில் 112 இருந்தால், அடுத்த துடிப்பு வருவதற்குள் கழியும் அரை விநாடியில் 80-க்கு இறங்கிவிடும். வைத்தியர் நம் கையில் பட்டை சுற்றிச் சொல்லும் கீழ் எண் இதுவே.

வயோதிகத்தால் சுவர் விறைத்து விரிதிறன் பாதியாகிறது என்று கொள்வோம். அதே அரை விநாடியில் இப்போது அழுத்தம் பாதியளவுக்கு வடிந்துவிடும். தடையும் ஓட்டமும் மாறாதபோது சராசரி குறைய வழியில்லையாகையால், மேல் எண் உயர்ந்தே தீரவேண்டும். முதியவர் பலருக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போக, கீழ் எண் மட்டும் இறங்குவதற்கு இதைக் காட்டிலும் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. தமனிகளின் கிளைகளை ஒன்று விடாமல் வரைந்திருந்தால் இந்த உண்மை அந்தக் காட்டுக்குள் எங்கோ மறைந்து போயிருக்கும்.

திரட்டும்போது நாம் இழப்பது இடம் என்ற ஒன்றை. மாதிரியில் தமனி மண்டலம் முழுவதற்கும் ஒரு கணத்தில் ஒரே அழுத்தம்தான். மெய்யுடலிலோ நாடி அலை மகாதமனியில் விநாடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஓடி, கிளைகளில் மோதித் திரும்புகிறது. நாம் ஆராயும் மாறுதல், அலை போய்வரும் நேரத்தைவிட மிக மெதுவாக நடந்தால் மட்டுமே திரள் மாதிரியை நம்பலாம். நீர்மின் நிலையத்தின் 1,200 மீட்டர் எஃகுக் குழாயில் அழுத்த அலை ஒருமுறை போய்வர இரண்டு விநாடியோ சற்று அதிகமோ ஆகும். அடிக்கதவை ஒரு நிமிஷம் எடுத்து மூடினால் நீர் முழுவதையும் ஒரே கட்டியாகப் பாவிக்கலாம்; இமைப்பொழுதில் மூடினால் அதே கணக்கு எல்லையற்ற அழுத்தம் என்று சொல்லிவிடும். உச்ச அழுத்தத்தை அறிய அலையின் வேகத்தைக் கணக்கில் கொண்டாக வேண்டும் என்பதை, மாஸ்கோ நகரத்துத் தண்ணீர்க் குழாய்களில் 1897, 1898 ஆண்டுகளில் நடந்த சோதனைகளால் நிறுவினார் நிகோலாய் ஜூகோவ்ஸ்கி.

ஃப்ராங்கின் மாதிரியும் ரத்தம் பீறிடும் முதற்கணத்தில் தவறத்தான் செய்தது. மகாதமனியின் வாயிலில் அலை சந்திக்கும் எதிர்ப்பை மூன்றாவது அம்சமாகச் சேர்த்து அக்குறையைப் பெருமளவு நீக்கியவர்களுள் ஹாலந்தின் நிகோ வெஸ்டர்ஹோஃப் முக்கியமானவர். இன்று மகாதமனியை முப்பரிமாணத்தில் நுணுக்கமாக வரைந்து கணினியில் ரத்தத்தை ஓடவிடும் ஆராய்ச்சியாளர்கள்கூட, வரைந்த குழாய் முடியும் ஒவ்வொரு முனையிலும், அப்பால் உள்ள உடல் முழுவதற்கும் பிரதிநிதியாக இந்த மூன்று எண்களை வைக்கிறார்கள்.

செயற்கை வால்வுகளை நோயாளியின் மார்புக்குள் வைப்பதற்குமுன் சோதித்துப் பார்க்கும் கூடங்களில் பம்போடு சேர்ந்து ஒரு தெளிந்த பிளாஸ்டிக் உருளை நிற்கும். அதன் அடியில் திரவம், மேலே அடைபட்ட காற்று, பக்கத்தில் தடையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. சோதனை செய்பவர் மேல்மூடியைச் சற்றே திறந்து, கொஞ்சம் காற்றை வெளியேற்றித் திரவம் உயர்ந்ததும் மூடுகிறார். திரையில் அதுவரை மழுங்கலாக எழுந்து விழுந்துகொண்டிருந்த அழுத்தக் கோடு கூர்மையாக நிமிர்ந்து, ஒரு வயோதிகரின் நாடியாக மாறுகிறது.