டியூட்டி ரூமில் கேட்கும் சிரிப்பு

நைட் டியூட்டிக்குப் புதிதாக வந்த நர்ஸ் ஒருவர், "இன்னிக்கு வார்டு அமைதியா இருக்குல்ல சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் அவர் வாயைப் பொத்தாத குறைதான். சொன்ன வாய் மூடுவதற்குள் அட்மிஷன் வந்து நிற்கும் என்பது வார்டுகளில் ஊறிப்போன பேச்சு. தற்செயலாக ஒரு ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்துவிட்டால், விடியும்வரை அவருக்குக் கேலிதான். அடுத்து என்ன வரும், எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லாத வேலை இது. அந்த நிச்சயமின்மையை வைத்தே விளையாட முடிகிறபோது, பயம் கொஞ்சம் சுருங்குகிறது.

சிரிப்பு எதைத் தொடுகிறது?

பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலையோடு வரும் நிலையாக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். பலவகைப் பணியிடங்களைப் பற்றிய 49 ஆய்வுகளை 2012-இல் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர்களிடம் இந்தச் சோர்வு குறைவாகவும், குழுவின் ஒட்டுதல் கூடுதலாகவும் இருப்பது தெரிந்தது. சேர்ந்து சிரித்தவர்களின் வலி தாங்கும் எல்லை சற்று உயர்வதை ராபின் டன்பர் குழுவினரின் சோதனைகள் காட்டின. ஆனால் சோர்வு குறைந்தவர்தானே சிரிப்பார், சிரிப்பதால் சோர்வு குறைகிறது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிறுவுவதில்லை. ஆகவே சிரிப்பை மாத்திரைபோல எழுதித் தர முடியாது. எனினும், மனம் விலகிப்போவதுதான் சோர்வின் ஒரு முகம் என்றால், சக ஊழியரோடு சேர்ந்து சிரிப்பது அதற்கு நேர் எதிர்த் திசையில் வைக்கும் அடி. அந்த அளவுக்கு இதை நம்பலாம்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல. உளவியலாளர் ராட் மார்ட்டின் குழுவினர் 2003-இல் நகைச்சுவையை நான்காகப் பிரித்தார்கள்: பிறரோடு இணைவது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைக் குத்துவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. முதல் இரண்டும் மனநலத்தோடு சேர்ந்து போகின்றன; மற்றவை அப்படியல்ல. சீனியர் ஒருவர் ஜூனியரின் தடுமாற்றத்தை எல்லோர் முன்னும் சிரிப்பாக்கினால், அடுத்த முறை டோஸில் சந்தேகம் வந்தாலும் அந்த ஜூனியர் கேட்கத் தயங்குவார். இழப்பு அங்கே நோயாளிக்கும்தான்.

சாவையும் ரத்தத்தையும் வைத்து நகைச்சுவை செய்வது அநாகரிகம் என்பார்கள். படுக்கையில் கிடப்பவரின் மகள் காதில் விழும்படி செய்தால் அது அநாகரிகமேதான். வார்டின் சுவர்கள் மெல்லியவை. ஆனால் இறுகிய முகம் மட்டும் மரியாதைக்குச் சாட்சியாகிவிடாது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் பணியை ஆராய்ந்த இசபெல் மென்ஸீஸ், 1960-இல் வெளிவந்த கட்டுரையில் ஒரு பழக்கத்தைக் குறித்தார்: நோயாளியைப் பெயரால் சொல்லாமல், 'பத்தாம் படுக்கைக் கல்லீரல்' என்பதுபோலக் குறிப்பிடுவது. அதில் துளி நகைச்சுவையும் இல்லை. பதற்றத்திலிருந்து தப்ப, மனிதரை உறுப்பாக்கிவிடுகிற ஏற்பாடு அது. நிலைமையைப் பார்த்துச் சிரிப்பவருக்கு நோயாளி இன்னும் மனிதராகவே இருக்கிறார். நோயாளியையே பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் கல்லீரல் கதைதான்.

ஆள் குறைந்த வார்டில்

கடுமையான ஆட்சேபம் வேறொன்று. வேலைப்பளுவைக் குறைக்காமல் சிரிப்புப் பயிற்சி நடத்துவது ஏமாற்று அல்லவா? ஆம், ஏமாற்றுதான். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் உயர்ந்திருந்தன. இதைச் சமன்செய்கிற ஜோக் எதுவும் கிடையாது. 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்த தமிழக அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடியது பணி நிரந்தரமும் முறையான ஊதியமும் கேட்டுத்தான். மன உல்லாசம் கேட்டு அல்ல. 'எப்போதும் சிரித்த முகம்' என்று நிர்வாகம் உத்தரவு போட்டால், ஊசி, டிரிப், கேஸ் ஷீட்டோடு சிரிப்பும் இன்னொரு டியூட்டியாகிவிடும்.

நிர்வாகம் செய்யக்கூடியது இதைவிடச் சின்னது, ஆனால் செலவு பிடிப்பது: போதிய ஆட்களைப் போடுவது, ஷிப்ட் மாறும்போது ஓடிக்கொண்டே பொறுப்பை ஒப்படைக்காமல் நின்று பேச நேரம் விடுவது, டியூட்டி ரூமில் இரண்டு நாற்காலி, ஆறுவதற்குள் குடித்து முடிக்க முடிகிற டீ. அதற்குப் பிறகு யார் யாரைக் கேலி செய்வது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.