பென் டிரைவைப் பிரிக்குமுன்

பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் புகைப்படங்களையும் ஒரே பென் டிரைவில் கலந்து வைத்திருப்பது உங்களுக்குச் சிரமமாக இருக்கலாம். அலுமாரிக்குள் தட்டு அடிப்பது போல, ஒரு பென் டிரைவை இரண்டு மூன்று பிரிவுகளாக வகுத்துக்கொள்ள முடியும். ஆனால், எல்லாக் கணனிகளும் எல்லாப் பிரிவுகளையும் பார்ப்பதில்லை. இதை அறியாமல் ஒரு பொத்தானை அழுத்தி, பல வருடப் படங்களை இழந்துவிடக் கூடாது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, விண்டோஸ் எக்ஸ்பி, 7, 8 போன்ற பழைய பதிப்புகள் பென் டிரைவின் ஒரு பிரிவை மாத்திரமே காட்டும். அது பெரும்பாலும் முதற் பிரிவாகவே இருக்கும். 2017ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்துதான் எல்லாப் பிரிவுகளும் தெரிகின்றன. லினக்ஸும் மெக் கணனியும் முன்பிருந்தே அவற்றைக் காட்டுபவை. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத பிரிவு அழிந்துபோன பிரிவு அல்ல.

இரண்டாவது, ஒவ்வொரு பிரிவும் ஒரு கோப்பு முறைமையில் எழுதப்படுகிறது. ஃபெட்32 ஏறத்தாழ எல்லாச் சாதனங்களுக்கும் புரியும். ஆனால், 4 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள ஒரு தனிக் கோப்பு அதில் அடங்காது. எக்ஸ்ஃபெட்டுக்கு அந்தத் தடை இல்லை. இன்றைய விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றும் அதை ஏற்கும். என்டிஎஃப்எஸ் பிரிவை மெக் வாசிக்கும். தானாக அதில் எழுதாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 பிரிவை விண்டோஸ் சாதாரணமாக வாசிக்காது. "ஃபோர்மட் செய்யவா?" என்றுதான் கேட்கும்.

ஆபத்து இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. "எனக்கு இது வாசிக்கத் தெரியவில்லை" என்பதே அதன் பொருள். உள்ளே ஒன்றுமில்லை என்பதல்ல. உடனே "கென்சல்" கொடுத்துவிட்டு, வேறொரு கணனியில் போட்டுப் பாருங்கள்.

பிரிக்க விரும்பினால் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதலில் உள்ளேயிருக்கும் அனைத்தையும் வேறோர் இடத்தில் பிரதி செய்யுங்கள். புதிதாகப் பிரிக்கும்போது உள்ளவை அழிந்துபோகலாம்.

2. எல்லோரும் பாவிக்கும் கோப்புகளை முதற் பிரிவில் எக்ஸ்ஃபெட்டாக வையுங்கள். பழைய தொலைக்காட்சியில் போடுவதாயின் ஃபெட்32 நல்லது.

3. ஒவ்வொரு பிரிவுக்கும் தெளிவான பெயரிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு பிரிவுகளில் வைத்த படம் இரண்டு இடங்களில் வைத்த படமாகாது. பென் டிரைவ் தொலைந்தால், பழுதடைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அருமையான படங்களுக்கு வேறொரு டிஸ்கில் இன்னொரு பிரதி கட்டாயம் இருக்கட்டும்.