ரசிகர் கூட்டத்திற்குத் திரும்புதல்: ஒரு விளக்கம்

திரை நடிகர்களின் ரசிகர் கூட்டங்களிலிருந்து ஒரு காலத்தில் விலகிச் சென்ற தலித் இளைஞர்கள் பலர், கடந்த பத்தாண்டுகளில் மீண்டும் அவற்றுக்குள் வந்துள்ளனர். மன்றப் பலகைக்குக் கீழே அல்ல, கைப்பேசித் திரைக்குள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் பழக்கம் நம் இயக்கத் தோழர்களிடையே இன்னும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டியிருக்கிறது. சாதி எங்கெல்லாம் புதிய வடிவம் எடுக்கிறதோ அங்கெல்லாம் நம் பிள்ளைகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

முதலில், அவர்கள் விட்டு வந்தது எதை என்று பார்ப்போம். தமிழகத்தில் ரசிகர் மன்றம் என்பது அரசியலுக்கு வெளியே இருந்த அமைப்பன்று. எம்.ஜி.ஆர். மன்றங்களின் வலைப்பின்னல் இல்லாமல் 1972இல் அ.தி.மு.க. அத்தனை விரைவாக ஊர்தோறும் காலூன்றியிருக்க முடியாது. 1980களில் மதுரையில் களஆய்வு செய்த சாரா டிக்கி, மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் நகர்ப்புற ஏழை இளைஞர்கள் என்பதைப் பதிவு செய்தார். செயலாளர், பொருளாளர் என்ற பொறுப்பு, கொடிக்கம்பம், முதல் நாள் முதல் காட்சி, ரத்த தானம், நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா ஆகியவை அவர்களுக்குத் தந்தது மரியாதை. வேறெங்கும் அச்சில் ஏறாத ஒருவனின் பெயர் சுவரொட்டியில் ஏறியது. அந்த மரியாதையின் மதிப்பு, அதைப் பிறப்பிலேயே பெற்றவர்களுக்கு எளிதில் விளங்காது.

ஆயினும் மன்றம் சாதியைக் கடந்துவிடவில்லை. பல ஊர்களில் ஒரே நடிகருக்கு ஊரில் ஒரு பலகை, சேரியில் ஒரு பலகை. திரையரங்கில் ஒன்றாக விசிலடித்தவர்கள் வெளியே வந்ததும் இரு வேறு தெருக்களுக்குப் பிரிந்தனர். பெண்களுக்கோ இரண்டிலும் இடமில்லை.

விரிசல் பெரிதானது 1990களில். 1992இல் வந்த ‘தேவர் மகன்’, 1993இல் வந்த ‘எஜமான்’ போன்ற படங்கள் நிலவுடைமைச் சாதித் தலைவனைக் கருணை வள்ளலாகக் காட்டின. ‘தேவர் மகன்’ படப் பாடல் ஒன்று சாதி ஊர்வலங்களின் பாடலாகவே மாறியது. 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் காவல்துறை தலித் மக்களின் வீடுகளைச் சூறையாடிய காலமும் இதுவே. தான் நேசித்த நடிகரின் பாடலே தன் தெரு வழியாக மிரட்டலாக ஒலித்துச் செல்வதைக் கேட்ட ரசிகன் என்ன செய்வான்? சிலர் வாய்மூடித் தங்கினர், சிலர் விலகினர். விலகியதை யாரும் அறிவிக்கவில்லை என்பதால் எந்த ஆவணத்திலும் அது இடம்பெறவில்லை.

பார்வையாளர் கூட்டம் ஒருவரை விரட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டபோது, தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் கலகம் செய்தனர். அவர் ஊரைவிட்டே தப்பி ஓடினார். திரைக்கு ஒருபோதும் திரும்பவில்லை. இன்று அவர் பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடக்கிறது.

2004இல் தொடங்கி 2014 செப்டம்பரில் மூடப்பட்ட ஆர்குட், கல்லூரிக்குள் புதிதாக நுழைந்த நம் தலைமுறைக்கு ரசிகர் உலகின் இன்னொரு வாசலாக அமைந்தது. ஊர் தெரியாது, தெரு தெரியாது, புனைபெயர் போதும். ஆனால் அங்கே நிலவிய சமத்துவம் சாதியைச் சொல்லாதவரை மட்டுமே செல்லுபடியானது. இடஒதுக்கீடு பற்றிய ஒரு கேலி வந்தாலே யார் சிரிக்கிறார்கள், யார் மௌனமாகிறார்கள் என்பது வெளிப்பட்டுவிடும். எதிர்த்துப் பேசியவர், ‘படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்’ என்ற அறிவுரையோடு ஓரங்கட்டப்பட்டார். மறைந்து வாழும் களைப்பு தாங்காமல் வெளியேறியவர்கள் ஏராளம்.

திரும்பி வரும் வழியைத் திறந்தது திரைப்படங்களே. பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ 2012இலும் ‘மெட்ராஸ்’ 2014இலும் வந்தன. 2016இல் ‘கபாலி’யின் தொடக்கக் காட்சியில் ரஜினிகாந்தின் கையில் ஒய்.பி. சத்தியநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலய்யா’ என்ற தலித் குடும்ப வரலாற்று நூல் இருந்தது. நூலின் பெயரை அறிந்தவர்கள் அரங்கில் சிலரே. அந்தச் சிலர் அன்று உணர்ந்தது, ரசிகர் என்ற சொல்லை மீண்டும் உரிமையோடு சொல்லலாம் என்பதை. 2018இல் ‘காலா’, அதே ஆண்டில் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ என அந்த உரிமை விரிந்தது. உடனே எதிர்ப்பும் வந்தது. ‘எங்கள் தலைவர் படத்தில் சாதியைக் கலக்காதே’ என்றவர்கள், ‘எஜமான்’ காலத்தில் அப்படிக் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

திரும்பியவர்கள் எதிர்கொண்ட கடுமையான சோதனை 2023இல் நிகழ்ந்தது. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ ஜூன் 29 அன்று வெளியாகி, ஜூலை இறுதியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அதில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு சாதிவெறி கொண்ட கொடியவன். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்பவன். படம் கைப்பேசிக்கு வந்தவுடன், அவன் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமிதப் பாடல்களைப் பின்னணியில் ஒட்டிய ‘எடிட்’கள் பெருகின. படத்தில் ரத்னவேலுவின் சாதி பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் வெவ்வேறு ஆதிக்கச் சாதி இளைஞர்கள் அவனைத் தத்தம் சாதிக்காரனாக வரித்துக்கொண்டனர். தாம் கொண்டாடுவது ஒரு குற்றவாளியை என்பது அவர்களுக்கு உறுத்தவில்லை. அதே ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டனர். ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று நாம் கூறவில்லை. இரண்டும் ஒரே மாதத்தின் காற்றில் நிகழ்ந்தன என்பதை மட்டும் குறிக்கிறோம்.

இந்த எடிட்கள் பரவும் விதத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். சில வினாடிக் காணொலியில் ஒட்டப்படும் ஒலித்துண்டே அதன் கொடிக்கம்பம். அந்த ஒலியைத் தொட்டால் அதைப் பயன்படுத்திய எல்லாக் காணொலிகளும் வரிசையாக வரும். அடுத்தவர் அதே ஒலியில் தன் ஊரின் காட்சியை ஒட்டுவார். தளத்தின் கணக்கு, பார்த்த நேரத்தையும் பகிர்ந்த எண்ணிக்கையையும் பார்க்கிறதேயன்றி, ரசித்துப் பகிர்ந்தாரா கொதித்துப் பகிர்ந்தாரா என்று பார்ப்பதில்லை. கண்டிக்கும் நோக்கில் அதே காணொலியை நூறு பேருக்கு அனுப்பும் தோழர், அதை வளர்க்கவே உதவுகிறார். யூடியூபும் ஃபேஸ்புக்கும் தம் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதியைப் பாதுகாக்கப்பட்ட அடையாளமாகக் குறிப்பிட்டுள்ளன. எனினும் வட்டாரச் சொல், அரிவாள் குறி, குறிப்பிட்ட நிறத் துண்டு ஆகியவற்றின் பொருள் புகாரைப் படிப்பவருக்கு விளங்குவது அரிது. ஆகவே புகாரில் அந்தப் பொருளை நாமே விளக்கி எழுத வேண்டும்.

சட்டம் எதுவரை உதவும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r) பிரிவு, பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. இணையத்தில் ஏற்றப்பட்டதும் பொதுப் பார்வைக்குட்பட்டதே என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. ஆனால் 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், இழிவு சாதி அடையாளத்தை முன்னிட்டதாக இருந்தால்தான் இப்பிரிவு பொருந்தும் என்று வரையறுத்தது. பட்டியல் சாதியினர்மீது கூட்டாக வெறுப்பை வளர்ப்பதற்கு 3(1)(u) பிரிவு உண்டு. ஒருவன் தன் சாதியைப் புகழ்ந்துகொள்ளும் எடிட் இவற்றுள் எதிலும் எளிதில் அடங்காது. அதன்கீழ் வரும் வசையும் மிரட்டலும் அடங்கலாம். வழக்கின் வலு பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

அத்தகைய பதிவைக் கண்டால், எதிர்த்து எழுதுவதற்கு முன் அதன் முழு முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி திரைப்பதிவு எடுத்து, மூலக் கோப்பை அழியாமல் வைத்திருக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழ் பற்றிய விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவில் உள்ளது. வன்கொடுமைச் சட்டப் புகாரின்மேல் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்பதை அச்சட்டத்தின் 18A பிரிவு சொல்கிறது. காவல் நிலையத்தில் ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்று திருப்பி அனுப்பினால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம்.