இருவர் ரசனை, ஓர் இல்லம்



வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் நமது கண்ணமங்கலம் பகுதியில், கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் இருந்த இடங்களில் தளம் போட்ட வீடுகள் எழும்பி வருகின்றன. வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. இராணுவத்திலோ வெளிநாட்டிலோ உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டுகிறவர்களும் உண்டு. 2024-ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' போன்ற திட்டங்களின் உதவியோடு, 360 சதுர அடியில் தங்கள் முதல் சொந்த வீட்டைக் கட்டியவர்களும் உண்டு. இவை எல்லாம் நாம் இறைவனுக்கு நன்றி கூற வேண்டிய காரியங்கள்.

சுவர் எழும்பும்வரை கணவனும் மனைவியும் பெரும்பாலும் ஒரே மனதாய் இருக்கிறார்கள். பூச்சு வேலை முடிந்து, சுவருக்கு என்ன வண்ணம், தரைக்கு என்ன டைல்ஸ், ஹாலில் ஷோகேஸ் வேண்டுமா, பழைய பீரோவை எங்கே வைப்பது என்ற கேள்விகள் வரும்போதுதான் இருவர் ரசனையும் வேறு வேறு என்பது தெரியவருகிறது. வீடு மந்திரிப்புக்கு நாம் செல்லும்போது, புது பெயிண்டு வாசனையோடு, ஒருவரோடு ஒருவர் பேசாத இரு முகங்களையும் சில வேளைகளில் காண்கிறோம். 'இது ஒரு பெரிய விஷயமா?' என்று உறவினர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் தன் சொல்லுக்கு இடமில்லாத வீட்டில் ஒருவர் வாடகைக்குக் குடியிருப்பவரைப் போலத்தான் வாழ முடியும். எனவே இது சிறிய விஷயமல்ல.

ரசனைக்குப் பின்னால் இருப்பது என்ன?

ரசனை என்பது பல வேளைகளில் பிறந்த வீட்டின் நினைவு. அடுப்புப் புகையில் கறுத்த சுவர்களுக்குள் வளர்ந்த ஒருவர், பளபளக்கும் வெள்ளை டைல்ஸையும் பால் சீலிங்கையும் கேட்கிறார். இது வெறும் ஆடம்பரமல்ல; இளமையில் பட்ட சிறுமையைத் தன் பிள்ளைகள் படக்கூடாது என்ற ஏக்கம் அது. அவருடைய மனைவி, தாய்வீட்டில் திண்ணையிலும் குளிர்ந்த சிவப்பு சிமெண்டுத் தரையிலும் விளையாடி வளர்ந்தவர். அவருக்கு எளிமையான வீடே நிம்மதி தருகிறது. சீராக வந்த பீரோவை 'பழசு' என்று கணவர் ஒதுக்கும்போது, அதைக் கடன் வாங்கி வாங்கித் தந்த தன் பெற்றோரையே ஒதுக்குவதாக மனைவி உணர்கிறார். பேச்சு பீரோவைப் பற்றியது, காயமோ வேறிடத்தில்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், நாம் வாழும் சூழல் நமது சிந்தனையையும் உணர்வையும் பாதிக்கிறது என்றும், அறையையும் வீட்டையும் அமைக்கும் விதத்தில் மனிதர் தாம் யார் என்பதை வெளிப்படுத்துகிறார்கள் என்றும் சுட்டிக்காட்டுகிறார் (எண் 147).

கணவன் தன் தாய் தந்தையை விட்டுத் தன் மனைவியுடன் ஒன்றித்திருப்பான் என்கிறது தொடக்கநூல் (தொநூ 2:24). அப்படியானால், கணவருடைய தாயின் வீட்டையோ மனைவியுடைய தாயின் வீட்டையோ மறுபடி கட்டுவது நம் வேலை அல்ல. இருவர் நினைவுகளுக்கும் இடம் தரும் மூன்றாவது வீடு ஒன்றைக் கட்டவே தம்பதியர் அழைக்கப்படுகிறார்கள்.

சூனேம் ஊர் தம்பதியர்

ஓர் அறையை எப்படி அமைப்பது என்று ஒரு மனைவி தன் கணவரோடு பேசும் காட்சி திருவிவிலியத்திலேயே இருக்கிறது. சூனேமில் வாழ்ந்த செல்வம் படைத்த பெண் ஒருவர், இறைவாக்கினர் எலிசாவுக்காக மேல்மாடியில் ஒரு சிறிய அறை கட்டி, அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவற்றை வைக்கலாம் என்று தன் கணவரிடம் கூறுகிறார் (2 அர 4:8-10).

இங்கே மூன்று காரியங்களைக் கவனிப்போம். வசதி இருந்தும் அவர் தானே முடிவுசெய்துவிடாமல் முதலில் கணவரிடம் பேசுகிறார். ஊரார் என்ன சொல்வார்கள் என்று பாராமல், அந்த அறையில் தங்கப்போகிறவருக்கு என்ன தேவை என்று பார்க்கிறார். தேவையான நான்கு பொருள்களோடு நிறுத்திக்கொள்கிறார். 'எது அழகு?' என்று தொடங்கும் பேச்சு சண்டையில் முடியலாம். 'யாருக்காக?' என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் முடிவுக்கு வரும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

1. காரணத்தைக் கேளுங்கள். 'இந்த நிறம் வேண்டாம்' என்று சொல்லும் முன், 'உனக்கு ஏன் இது பிடித்திருக்கிறது?' என்று கேட்டு, பதிலை முழுவதும் கேளுங்கள். பெயிண்டரையும் மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேச வேண்டாம். மற்றவர் முன்னிலையில் விட்டுக்கொடுப்பது எவருக்கும் கடினம்.

2. முதலில் செலவை எண்ணுங்கள். கோபுரம் கட்ட விரும்புகிறவர் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றார் ஆண்டவர் (லூக் 14:28). ஹால் அலங்காரத்துக்காக வட்டிக்கு வாங்கிய பணம், பிள்ளைகளின் படிப்பிலிருந்துதான் கழியும்.

3. மாற்றக்கூடியதையும் மாற்ற முடியாததையும் பிரியுங்கள். வண்ணமும் திரைச்சீலையும் சில ஆண்டுகளில் மாறும். அவற்றில் ஒருவர் மற்றவருக்கு மகிழ்வோடு விட்டுக்கொடுக்கலாம். தரை, ஜன்னல், சமையல் மேடை ஆகியவை எளிதில் மாறாதவை. அவற்றில் இருவரும் சம்மதிக்கும்வரை காத்திருப்பது நல்லது.

4. புழங்குகிறவர் சொல்லுக்கு முதலிடம் தாருங்கள். சமையல் மேடையின் உயரத்தை அங்கே நிற்கப்போகிறவர் முடிவுசெய்யட்டும். வயதான பெற்றோர் இருந்தால் குளியலறைக்கும் முற்றத்துக்கும் வழுக்காத டைல்ஸே தேவை. அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நம் பகுதியில், வெயில் படும் வெளிச்சுவருக்கும் மொட்டைமாடிக்கும் வெளிர் நிறமே ஏற்றது. அடர்நிறம் வெப்பத்தை ஈர்க்கும். இப்படிப்பட்டவற்றை ரசனைக்கு விடாமல் தேவைக்கு விட்டுவிடுவோம்.

5. அச்சத்துக்கு இடம் கொடாதீர்கள். வாஸ்து சரியில்லை என்று யாரோ சொன்னதால் கட்டிய சுவரை இடிக்கிறவர்கள் நம்மிலும் உண்டு. காற்றும் வெளிச்சமும் வர ஜன்னலை மாற்றுவது அறிவுடைமை. கேடு வரும் என்று பயந்து மாற்றுவது கடவுளின் பராமரிப்பில் நம் நம்பிக்கையைக் குறைக்கும்.

பீடம் எங்கே?

'திருச்சபை' எனும் சங்க ஏடு (1964) கிறிஸ்தவக் குடும்பத்தை இல்லத் திருச்சபையாகக் காண்கிறது (எண் 11). வீட்டில் திருவிவிலியமும் திருவுருவங்களும் கொண்ட செப மூலை ஒன்று இருக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் பரிந்துரைக்கிறது (எண் 2691). பெரு நாட்டில் பிறந்த அருட்தந்தை மத்தேயோ கிராலி 1907-இல் தொடங்கிய முயற்சியால், இயேசுவின் திரு இருதயப் படத்தைக் குடும்பத்தின் அரசராக வீட்டில் நிறுவும் வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் வீடுகளில் பலவற்றிலும் அந்தப் படம் இருக்கிறது.

ஆனால் அது டி.வி.க்கு மேல், கைக்கு எட்டாத உயரத்தில், அலங்காரப் பொருளாக இருந்தால் பயனில்லை. பீடத்துக்கான இடத்தை வேலை முடிந்தபின் தேடாமல், வரைபடம் போடும்போதே இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். குடும்பத்தார் அனைவரும் அதன் முன் அமர இடம் இருக்கட்டும். பீடம் பெரிதா சிறிதா, சீரியல் பல்பு வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் பிறகு. வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும், இந்த ஓரிடத்தில் இருவரும் தினமும் ஒன்றாக அமர முடிந்தால், மற்றவற்றைப் பேசித் தீர்க்கும் மனம் அங்கிருந்தே வரும்.

'அன்பின் மகிழ்வு' (2016) எனும் ஊக்கவுரையில் திருத்தந்தை பிரான்சிஸ், தம்பதியர் தேடும் ஒற்றுமை ஒரே மாதிரி ஆகிவிடுவது அல்ல, வேற்றுமையில் ஒற்றுமையே என்கிறார் (எண் 139). அதே ஏட்டில், குடும்பத்துக்குத் தேவையான மூன்று சொற்களாக அனுமதி கேட்பதையும் நன்றி சொல்வதையும் மன்னிப்புக் கேட்பதையும் அவர் நினைவூட்டுகிறார் (எண் 133). வீட்டு வேலை நடக்கும் மாதங்களில் இந்த மூன்றும் சிமெண்டைப் போலவே தேவை.

ஞானத்தால் வீடு கட்டப்படுகிறது, அறிவால் அதன் அறைகள் அரிய பொருள்களால் நிரப்பப்படுகின்றன என்பது நீதிமொழிகள் நூலின் படிப்பினை (நீமொ 24:3-4). அந்த ஞானத்துக்காக மன்றாடுவோம்.

செபம்: நாசரேத்து இல்லத்தில் வாழ்ந்த இயேசுவே, எங்கள் வீட்டில் ஒருவர் மற்றவருக்கு இடம் தரக் கற்றுத்தாரும். எங்கள் சுவர்களை அழகுபடுத்தும் முன் எங்கள் பேச்சை அழகுபடுத்தும். ஆமென்.

சிந்திக்க: நம் வீட்டில் என் கணவருக்கு, என் மனைவிக்குப் பிடித்ததாக நான் மனமுவந்து ஏற்றுக்கொண்டது எது?