நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலச் சொற்கள்: மறக்காமல் படிக்க உதவும் இலவச புரோகிராம்

பிளஸ் 2 முடித்துவிட்டுச் சட்டம் படிக்க விரும்புபவர்கள் எழுதும் அகில இந்தியத் தேர்வு ‘கிளாட்’. திருச்சி மாணவர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. பாலக்கரையில் பஸ் ஏறி ஊரைத் தாண்டி திண்டுக்கல் சாலையில் சென்றால், நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு 5 ஆண்டு சட்டப் படிப்பில் சேர கிளாட் எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களை இந்தத் தேர்வில் முதலில் மிரட்டுவது ஆங்கிலம்தான்.

உடனே பலர் செய்வது என்ன? 3,000 சொற்கள் கொண்ட பட்டியல் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். ஆனால் 2020 முதல் கிளாட் தேர்வு மாறிவிட்டது. சொல்லைத் தனியாகக் கொடுத்துப் பொருள் கேட்பதில்லை. சுமார் 450 சொற்கள் கொண்ட பத்தியைக் கொடுத்து, அதில் அந்தச் சொல் என்ன பொருளில் வந்துள்ளது என்று கேட்கிறார்கள். இப்போது மொத்தம் 120 கேள்விகள், 2 மணி நேரம். இதில் ஆங்கிலம் ஏறத்தாழ 5-ல் 1 பங்கு. ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.25 மதிப்பெண் குறையும்.

‘சாங்க்ஷன்’ என்ற சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். “லோன் சாங்க்ஷன் ஆகிவிட்டது” என்று நம் வீடுகளிலேயே சொல்கிறோம். இங்கே பொருள் அனுமதி. ஒரு நாட்டின் மீது ‘சாங்க்ஷன்’ விதித்தார்கள் என்று செய்தியில் வந்தால் பொருள் தடை! நேர் எதிர். பட்டியலில் ஒரு பொருளை மட்டும் படித்தவர் இங்கே மாட்டிக் கொள்வார். அதே போல ‘ஃப்ரூகல்’ என்றால் சிக்கனம், ‘மைசர்லி’ என்றால் கஞ்சத்தனம். இரண்டும் செலவைக் குறைப்பதுதான். ஆனால் ஒன்று பாராட்டு, மற்றது திட்டு. எனவே சொல்லை வாக்கியத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, படித்தது மறந்து போகிறதே? எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து, மறதி எப்படி ஏற்படுகிறது என்று 1885-ல் எழுதினார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும் பகுதி மறந்து விடுகிறது. மறக்கப் போகும் நேரத்தில் மீண்டும் நினைவுபடுத்தினால், அடுத்த முறை அதிக நாள் நிற்கும். எந்தச் சொல்லை என்றைக்குத் திரும்பப் பார்ப்பது என்ற கணக்கைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம். இதற்கான இலவச புரோகிராம் ‘அன்கி’. ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். ஆங்கிலத்தில் ஏ, என், கே, ஐ என்ற 4 எழுத்துகள். இதே போன்ற பெயரில் வேறு புரோகிராம்களும் உள்ளன. ‘ஆப்ஸ் டாட் அன்கிவெப் டாட் நெட்’ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள்.

1. இன்ஸ்டால் செய்து திறந்தவுடன், கீழே உள்ள ‘கிரியேட் டெக்’ பட்டனைக் கிளிக் செய்து ‘கிளாட்’ என்று பெயர் கொடுங்கள்.

2. தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படியுங்கள். புரியாத 5 சொற்களை மட்டும் குறித்துக் கொள்ளுங்கள். பொருளைக் கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி தளத்தில் பாருங்கள். ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்தால் உச்சரிப்பும் கேட்கும்.

3. மேலே உள்ள ‘ஆட்’ கிளிக் செய்யுங்கள். ‘ஃப்ரன்ட்’ கட்டத்தில் அந்தச் சொல் வந்த முழு வாக்கியத்தையும், ‘பேக்’ கட்டத்தில் அங்கு பொருந்தும் பொருளைத் தமிழிலும் டைப் செய்யுங்கள். யூனிகோட் தமிழ் என்றால் சிக்கல் இல்லை. இரண்டு பொருள் உள்ள சொல்லுக்கு இரண்டு கார்டு போடுங்கள்.

4. பிறகு ‘ஸ்டடி நவ்’. வாக்கியத்தைப் பார்த்துப் பொருளை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகே ஸ்பேஸ் பாரை அழுத்தி விடையைப் பாருங்கள். தவறு என்றால் ‘அகெய்ன்’, சரி என்றால் ‘குட்’. தெரியாததற்கு ‘குட்’ கொடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அந்தச் சொல் சில நாள் கண்ணிலேயே படாது.

புதிய கார்டுகள் தினமும் 20 வரும்படி முன்பே செட் செய்யப்பட்டிருக்கும். ‘ஆப்ஷன்ஸ்’ சென்று 5 ஆகக் குறையுங்கள். பழைய கார்டுகளும் சேர்ந்து வரும் என்பதால் இதுவே போதும். தினமும் 5 என்றால் 6 மாதத்தில் சுமார் 900 சொற்கள். பட்டியலைவிடக் குறைவுதான், ஆனால் பத்தியில் பார்த்தவுடன் பொருள் பிடிபடும். ஆண்ட்ராய்டு போனுக்கான ‘அன்கிட்ராய்டு’ இலவசம். ஐபோனுக்குப் பணம் கட்ட வேண்டும்.

வாரம் ஒரு முறை, தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பின் தளத்திலிருந்து பழைய வினாத்தாளை எடுத்து, ஆங்கிலப் பகுதியை மட்டும் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். 2020-க்கு முந்தைய தாள்கள் வேறு முறையில் இருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்து விடுங்கள். விடை தவறிய சொற்களை அன்றே கார்டாகப் போட்டு விடுங்கள்.